தட்டைத் தாளில் நிமிர்ந்து நிற்கும் பெட்டி
(ஐசோமெட்ரிக் படம் பற்றி ஒரு பாடம்)



போன மாதச் சுவர்த் தாளில் எட்டாம் வகுப்புத் தங்கை கீரை வகைகளைப் பற்றி எழுதியிருந்தாள். அதைப் படித்த பிறகுதான் எனக்கும் எழுத ஆசை வந்தது. நான் எழுதப் போவது ஒரு படத்தைப் பற்றி. அந்தப் படத்தால் எங்க வீட்டுக்கு நஷ்டம் வந்தது. அதனால் இதில் பாடமும் இருக்கும், என் தப்பும் இருக்கும். சிரிக்காமல் படியுங்கள். சிரித்தாலும் பரவாயில்லை, கடைசி வரை படியுங்கள்.

நடந்தது என்ன?

எங்க அம்மா காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போடுகிறார். அடுப்பு வைக்க இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று மகளிர் குழுவில் 1,800 ரூபாய் கடன் வாங்கினார். பக்கத்துத் தெருவில் வெல்டிங் செய்யும் மாமாவிடம் சொன்னோம். அவர், "எப்படி வேணும்னு ஒரு படம் போட்டுக் குடு பாப்பா, நான் அடிச்சுத் தரேன்" என்றார்.

எனக்கு ஒரே பெருமை. நோட்டுத் தாளைக் கிழித்து, ஸ்கேல் வைத்து வரைந்தேன். ஸ்டாண்டின் நீளம் 90 செ.மீ., உயரம் 75 செ.மீ., அகலம் 50 செ.மீ. பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, முன்பக்கத்தை 9 செ.மீ., 7.5 செ.மீ. என்று சரியாகப் போட்டேன். பின்னால் போகிற கோட்டைச் சாய்வாகப் போட்டேன். அதை 5 செ.மீ. போட்டுப் பார்த்தால் ஸ்டாண்டு என்னவோ ரயில் பெட்டி மாதிரி நீளமாகத் தெரிந்தது. அழித்துவிட்டு 2.5 செ.மீ. போட்டேன். பார்க்க அழகாக, நிஜ ஸ்டாண்டு மாதிரியே வந்தது. கீழே "1 செ.மீ. = 10 செ.மீ." என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு எந்த அளவும் எழுதவில்லை.

மூன்று நாள் கழித்து ஸ்டாண்டு வந்தது. நீளம் சரி. உயரம் சரி. அகலம் மட்டும் 25 செ.மீ.! எங்க அடுப்பே 38 செ.மீ. அகலம். வைத்தால் அடுப்பின் பின் கால் இரண்டும் காற்றில் நிற்கிறது.

மாமா என் படத்தை எடுத்து ஸ்கேலை வைத்துக் காட்டினார். "பாரு பாப்பா, ரெண்டரை இருக்கு. ஒண்ணுக்குப் பத்துன்னு நீதான் எழுதியிருக்க. படம் சொன்னதத்தான் நான் செஞ்சேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அம்மா என்னைத் திட்டவில்லை. "படிக்கிற பொண்ணு போட்ட படம்னு நம்பிட்டேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று அன்றைக்கு ராத்திரி நினைத்தேன்.

மறுநாள் கணக்கு டீச்சரிடம் படத்தைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணுக்கு வரையற படம் வேற, கைக்கு வரையற படம் வேற" என்றார். அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

கண் பார்ப்பது வேறு, அளவு வேறு

நம் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்துக்கு எல்லோரும் போயிருப்பீர்கள். பிளாட்பாரத்தில் பத்திரமாக நின்று அண்ணனூர் பக்கம் பாருங்கள். இரண்டு தண்டவாளமும் போகப் போக நெருங்கி, தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும். உண்மையில் சேருமா? சேர்ந்தால் ரயில் எப்படிப் போகும்! நம் அகலப் பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மி.மீ. இடைவெளி. அது இங்கேயும் அதே, அரக்கோணத்திலும் அதே.

தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரிவது கண்ணின் குணம். அப்படியே வரைவதும் ஒரு வகைப் படம்தான். காமிராவில் எடுக்கிற போட்டோ அந்த வகை. பார்க்க நிஜம் போல இருக்கும். ஆனால் அதில் ஸ்கேலை வைத்து அளந்தால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் அளவு வரும். பட்டறையில் வேலை செய்பவருக்கு அது உதவாது.

பொருளுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவு உண்டு. தாளுக்கோ நீளம், அகலம் இரண்டுதான். தாள் தட்டை. மூன்றை இரண்டில் அடைக்க வேண்டும் என்றால் எதையாவது விட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். எதை விடுகிறோம், எதைக் காப்பாற்றுகிறோம் என்பதில்தான் படத்துக்குப் படம் வித்தியாசம்.

முதல் வழி: தட்டையாகவே வரைவது

முதல் வழியில் தாளோடு சண்டை போடுவதில்லை. தட்டையாகவே வரைந்துவிடுவது. பொருளை நேர் முன்னால் இருந்து பார்த்து ஒரு படம், நேர் மேலே இருந்து ஒரு படம், நேர் பக்கத்தில் இருந்து ஒரு படம். இவற்றை முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் என்கிறோம். எங்க ஸ்டாண்டுக்கு இப்படி வரும்:

முன்தோற்றம் – 90 x 75
மேல்தோற்றம் – 90 x 50
பக்கத்தோற்றம் – 50 x 75

கவனியுங்கள். ஒவ்வொரு படத்திலும் இரண்டு அளவுதான் இருக்கிறது. ஆனால் மூன்று படத்தையும் சேர்த்தால் ஒவ்வோர் அளவும் இரண்டு முறை வருகிறது. ஒன்றில் தப்பு செய்தால் இன்னொன்று காட்டிக் கொடுத்துவிடும். நான் இப்படி வரைந்திருந்தால் அகலம் 50 என்பது இரண்டு இடத்தில் இருந்திருக்கும்.

ஒரே ஒரு தோற்றம் போதாது என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. மாசிலாமணீசுவரர் கோவில் கருவறை விமானம் தூங்கானை மாடம் என்ற வகை. அதாவது படுத்திருக்கும் யானையின் முதுகு போலப் பின்பக்கம் வளைந்திருக்கும். முன்னால் நின்று கும்பிடுகிறவருக்கு அந்த வளைவு தெரியாது. பிரகாரம் சுற்றிப் பின்பக்கம் வந்தால்தான் தெரியும். மேலே இருந்து பார்ப்பதாக வரைந்தால் உடனே தெரிந்துவிடும். முன்தோற்றம் மறைப்பதை மேல்தோற்றம் சொல்லிவிடுகிறது.

வீட்டுக்கு அனுமதி வாங்கப் போகும் பிளானும் இந்தத் தட்டை வகைதான். நிலத்தின் பட்டாவோடு வரும் புலப்பட வரைபடமும் மேலே இருந்து பார்த்த தட்டைப் படம்தான்.

இந்தத் தோற்றங்களை ஒன்றோடு ஒன்று பொருத்தி வரைவதை ஒழுங்கான கணிதமாக ஆக்கியவர் பிரான்சு நாட்டின் காஸ்பார் மோஞ்ச் என்பவர். 1795-ல் பாரிசில் பாடமாக நடத்தினார். 1799-ல் அது புத்தகமாக வந்தது. நம் நாட்டில் பள்ளி, கல்லூரிகளில் வரைவதற்கான முறைகளை இந்தியத் தரநிலைகள் பணியகம் 1988-ல் எஸ்.பி. 46 என்ற கையேடாக வெளியிட்டது. நம் நாட்டு வழக்கப்படி மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைய வேண்டும். அமெரிக்காவில் மேலே வரைவார்கள். இது தெரியாமல் படித்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

தட்டைப் படத்தின் குறை என்ன? மூன்றையும் மனதிற்குள் ஒட்டிப் பார்க்கத் தெரிய வேண்டும். எங்க அம்மாவிடம் காட்டினேன். "என்னடி மூணு ஜன்னல் போட்டிருக்க?" என்று கேட்டார்.

இரண்டாவது வழி: சாய்த்து வரைவது

முன்பக்கத்தை அப்படியே நேராகப் போட்டுவிட்டு, பின்னால் போகும் கோடுகளை மட்டும் 45 பாகை சாய்த்துப் போடுவது இரண்டாவது வழி. நாம் எல்லோரும் சின்ன வயதில் பெட்டி வரைந்தது இப்படித்தான். இதில் பின்னால் போகும் கோட்டை முழு அளவில் போட்டால் பொருள் நீண்டு தெரியும். அதனால் அதைப் பாதியாகக் குறைத்துப் போடும் வழக்கம் உண்டு. அதற்குக் 'கேபினெட்' படம் என்று பெயர். மேசை, அலமாரி செய்பவர்கள் பயன்படுத்தியதால் வந்த பெயர்.

இதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் வரைந்தது அதே கேபினெட் படம்! பெயர் தெரியாமலே சரியாக வரைந்திருக்கிறேன். ஆனால் 'சாய்வுக் கோடு பாதி அளவு' என்று எழுதாததால் அது பொய்ப் படம் ஆகிவிட்டது. படத்தில் தப்பில்லை, படத்தின் விதியைச் சொல்லாமல் விட்டதில்தான் தப்பு.

பழைய காலத்து ஓவியர்கள் இந்தத் தட்டைப் பிரச்சினையை எப்படிச் சமாளித்தார்கள்? எகிப்தில் நெபாமுன் என்பவரின் கல்லறையில் 3,300 ஆண்டுகளுக்கும் முன் வரைந்த ஒரு தோட்டப் படம் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் குளம் மேலே இருந்து பார்த்தது போல் நீள்சதுரமாக இருக்கும். குளத்து மீனும் வாத்தும் பக்கத்தில் இருந்து பார்த்தது போல் இருக்கும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் நன்றாகத் தெரியுமோ அந்தப் பக்கத்தைக் காட்டிவிட்டார்கள். சீன நாட்டு நீளச் சுருள் ஓவியங்களில் வீடுகளின் கோடுகள் தூரம் போனாலும் ஒன்று சேராமல் இணையாகவே போகும். சுருளை எந்த இடத்தில் விரித்தாலும் படம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா! நம் முகலாய ஓவியங்களிலும் முற்றத்தை மேலிருந்தும் மனிதர்களைப் பக்கத்திலிருந்தும் காட்டியிருப்பார்கள். இவர்களுக்கு வரையத் தெரியாது என்று நினைக்கக் கூடாது. எதைச் சொல்ல வேண்டுமோ அதற்கு ஏற்ற வழியை எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது வழி: ஐசோமெட்ரிக்

இப்போது முக்கியப் பாடத்துக்கு வருவோம்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாரிஷ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். இயந்திரங்களைப் பற்றி வகுப்பு எடுப்பார். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மாதிரி இயந்திரத்தைப் பாகம் பாகமாகப் பூட்டிக் காட்டுவார், முடிந்ததும் கழற்றிவிடுவார். அடுத்த முறை பூட்ட வேண்டியது உதவியாளர்கள். எந்தப் பாகம் எங்கே போகும் என்று அவர்களுக்குப் புரிய வேண்டும், அளவும் தெரிய வேண்டும். அதற்காக அவர் பயன்படுத்திய வரைமுறையைத்தான் 1822-ல் கட்டுரையாக வெளியிட்டார். பேராசிரியருக்கும் உதவியாளருக்கும் நடுவே இருந்த அதே சிக்கல்தான் எனக்கும் வெல்டிங் மாமாவுக்கும் நடுவே இருந்தது!

கிரேக்க மொழியில் 'ஐசோ' என்றால் சமம், 'மெட்ரான்' என்றால் அளவு. தமிழில் சம அளவுப் படம் எனலாம். 'ஆக்ஸான்' என்றால் அச்சு. அச்சுகளின் மேல் அளந்து வரையும் எல்லாப் படத்துக்கும் பொதுப்பெயர் ஆக்ஸோனோமெட்ரிக். அந்தக் குடும்பத்தில் மூன்று பிள்ளைகள்: மூன்று அச்சும் ஒரே அளவில் குறைந்தால் ஐசோமெட்ரிக், இரண்டு மட்டும் ஒரே மாதிரி என்றால் டைமெட்ரிக், மூன்றும் மூன்று விதம் என்றால் டிரைமெட்ரிக்.

ஒரு கனசதுரத்தை (லூடோ தாயக்கட்டையே போதும்) ஒரு மூலை நேராக உங்கள் கண்ணைப் பார்க்கும்படி பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மூன்று முகம் தெரியும், மூன்றும் ஒரே அளவாகத் தெரியும். அந்த மூலையில் இருந்து மூன்று விளிம்பு கிளம்பும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 120 பாகை. வெளிக்கோடு ஒழுங்கான அறுகோணமாக இருக்கும்.

வரையும் விதி மூன்றே மூன்று:
1. உயரக் கோடுகள் எல்லாம் நேர் செங்குத்து.
2. நீளமும் அகலமும் படுக்கைக் கோட்டில் இருந்து 30 பாகை சாய்வு. ஒன்று வலப்பக்கம், இன்னொன்று இடப்பக்கம். நம் ஜியோமிதிப் பெட்டியில் இருக்கும் 30–60 மூலைமட்டமே போதும்.
3. இந்த மூன்று திசையிலும் முழு அளவைப் போட வேண்டும். பாதி, கால் என்று குறைக்கக் கூடாது.

மூன்றாம் விதியில் ஒரு சந்தேகம் வரும். சாய்த்துப் பார்க்கும்போது விளிம்பு கொஞ்சம் குட்டையாகத் தெரியாதா? தெரியும். 10 செ.மீ. விளிம்பு சுமார் 8.2 செ.மீ. ஆகத் தெரியும். ஆனால் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைவதால், யாருக்கும் அநியாயம் இல்லை. அதனால் குறைக்காமலே வரைகிறார்கள். படம் கொஞ்சம் பெரிதாக வரும், அவ்வளவுதான்.

புதிதாக மிக்சியோ, பூட்டிக்கொள்ளும் ஷெல்போ வாங்கினால் உள்ளே ஒரு தாள் வருமே, அதில் பெரும்பாலும் இந்தக் குடும்பத்துப் படம்தான் இருக்கும். எழுத்துப் படிக்காதவர்களுக்கும் புரியும்.

ஆயாவின் கோலமும் அதே புள்ளிதான்

டீச்சர் ஒரு தாள் காட்டினார். அதில் புள்ளி புள்ளியாக இருந்தது. ஐசோமெட்ரிக் புள்ளித்தாள். ஒரு வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி உட்கார்ந்திருந்தது. பார்த்ததுமே, "டீச்சர், இது எங்க ஆயா வைக்கிற இடுக்குப் புள்ளி!" என்று கத்திவிட்டேன். வகுப்பே சிரித்தது.

கோலத்தில் இரண்டு வகைப் புள்ளி உண்டு என்று எல்லா வீட்டிலும் தெரியும். ஒன்றின் கீழ் ஒன்று வந்தால் நேர்ப்புள்ளி. இடையில் வந்தால் இடுக்குப் புள்ளி. மார்கழியில் "பதினஞ்சு புள்ளி, இடுக்குப் புள்ளி எட்டு வரை" என்று சொல்வார்களே, அதன் வெளிக்கோட்டைச் சேர்த்தால் ஆறு பக்கம் வரும். அதுதான் கனசதுரத்தின் அறுகோணம்!

நீங்களும் செய்து பார்க்கச் சின்னதாக 7 புள்ளி, 4 வரை எடுத்துக்கொள்வோம். வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி.

படி 1: புள்ளிக்குப் புள்ளி 2 செ.மீ. வையுங்கள்.
படி 2: வரிசைக்கு வரிசை 2 செ.மீ. வைக்கக் கூடாது. சுமார் 1.7 செ.மீ. வையுங்கள். அப்போதுதான் பக்கத்துப் பக்கத்து மூன்று புள்ளி சேர்ந்து சமபக்க முக்கோணம் ஆகும். (2 செ.மீ. பக்கமுள்ள சமபக்க முக்கோணத்தின் உயரம் 1.73 செ.மீ.)
படி 3: தாளைக் கால் சுற்று திருப்புங்கள். நான் இந்தப் படியில்தான் அரை மணி நேரம் மாட்டிக்கொண்டேன். கோலத்தில் புள்ளி வரிசை படுக்கையாக இருக்கும். நமக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். திருப்பியதும் அறுகோணத்தின் ஒரு முனை மேலேயும் ஒரு முனை கீழேயும் வரும்.
படி 4: நடுப்புள்ளியில் இருந்து மூன்று கோடு போடுங்கள். ஒன்று நேர் கீழ் முனைக்கு, ஒன்று இட மேல் முனைக்கு, ஒன்று வல மேல் முனைக்கு.
படி 5: ஆறு முனைகளையும் சுற்றிச் சேருங்கள்.

பெட்டி எழுந்து நிற்கும்! மூன்று சாய்சதுரத்தைத் தவிர தாளில் எதுவும் இல்லை. தாள் இப்போதும் தட்டைதான். பெட்டியைச் செய்வது நம் கண்.

ஒரு வேடிக்கை: படி 4-ல் மற்ற மூன்று முனைகளுக்கு (நேர் மேலே, இடக் கீழே, வலக் கீழே) கோடு போட்டுப் பாருங்கள். இப்போது அறையின் உள்மூலை மாதிரியும் தெரியும், பெட்டியைக் கீழே இருந்து பார்ப்பது மாதிரியும் தெரியும். இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் ஒரு முகத்துக்கு மட்டும் பென்சில் நிழல் கொடுக்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 4 x 4 x 4 ஆகச் சின்னப் பெட்டிகளை அடுக்கினால் மொத்தம் 64 பெட்டி. இந்தக் கோணத்தில் பார்த்தால் பின்னால் 3 x 3 x 3 = 27 பெட்டி மறைந்துவிடும். தெரிவது 64 – 27 = 37. நம் 7–4 கோலத்தின் புள்ளியும் 37! பதினஞ்சு–எட்டுக் கோலத்தில் 169 புள்ளி. 8 x 8 x 8 அடுக்கில் தெரியும் பெட்டி 512 – 343 = 169. இதை ஆயாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாத கணக்கா? நான் விரல்லயே வைக்கிறேன்" என்றார்.

ஸ்டாண்டை மறுபடி வரைந்தேன்

பிறகு ஸ்டாண்டை ஐசோமெட்ரிக்கில் வரைந்தேன். வலப்பக்கம் 30 பாகையில் 9 செ.மீ., இடப்பக்கம் 30 பாகையில் 5 செ.மீ., செங்குத்தாக 7.5 செ.மீ. எந்தக் கோட்டில் ஸ்கேல் வைத்தாலும் உண்மை அளவு. மாமாவின் ஸ்கேல் இனி ஏமாறாது.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஸ்டாண்டு ஆடாமல் இருக்கப் பக்கவாட்டில் குறுக்குக் கம்பி வைப்பார்கள். அது 50 x 75 கட்டத்தின் மூலைவிட்டம். பிதாகரஸ் தேற்றப்படி அதன் நீளம் சுமார் 90 செ.மீ. ஆனால் என் படத்தில் ஒரு மூலைவிட்டம் 10.9 செ.மீ., இன்னொன்று 6.6 செ.மீ. வந்தது! ஒரே நீளமுள்ள இரண்டு கம்பி, படத்தில் இரண்டு அளவு. படத்தை அளந்து வெட்டினால் ஒன்று நீண்டுவிடும், ஒன்று எட்டாது. ஆக, ஐசோமெட்ரிக் படத்தில் மூன்று அச்சுத் திசையில் மட்டும்தான் அளக்க வேண்டும். சாய்ந்த கோட்டை அளக்கவே கூடாது. அதற்குப் பக்கத்தோற்றம் என்ற தட்டைப் படம்தான் வேண்டும். வட்டமும் அப்படித்தான். இட்லிப் பானையின் வாய் வட்டம், ஐசோமெட்ரிக்கில் நீள்வட்டமாகிவிடும்.

அதனால் ஒரே தாளில் இரண்டும் போட்டேன். இடப்பக்கம் மூன்று தட்டைத் தோற்றம், வலப்பக்கம் ஐசோமெட்ரிக். எல்லாக் கோட்டிலும் அளவை எண்ணால் எழுதினேன். இது எல்லாவற்றையும் விட முக்கியம். எந்த வகைப் படமானாலும் அளவு எழுதாத படம், விலாசம் எழுதாத கடிதம் மாதிரி.

சுருக்கமாக:

போட்டோ போன்ற படம் – பார்க்க அழகு; அளக்க முடியாது.
மூன்று தட்டைத் தோற்றம் – அளவு சரி. பழகாதவர்க்குப் புரியக் கஷ்டம்.
சாய்த்த படம் – முன்பக்கம் சரி. சாய்வுக் கோட்டின் விதியை எழுத வேண்டும்.
ஐசோமெட்ரிக் – பார்த்ததும் புரியும். மூன்று திசையில் அளக்கலாம். மூலைவிட்டத்தை அளக்கக் கூடாது.

முடிவு என்ன ஆச்சு?

புதுப் படத்தை அம்மாவிடம் முதலில் காட்டினேன். இந்த முறை "மூணு ஜன்னல்" என்று சொல்லவில்லை. ஐசோமெட்ரிக் படத்தின் மேல் விரல் வைத்து, "இங்க அடுப்பு, இங்க பானை, கீழ மாவுத் தூக்கு வைக்க ஒரு தட்டு வேணுமே, அதப் போடலயே" என்றார். பார்த்தீர்களா! படம் புரிந்ததால்தான் குறையும் தெரிந்தது. முதல் படத்திலும் அந்தத் தட்டு இல்லை. அப்போது யாரும் கேட்கவே இல்லை. அழித்து, தரையில் இருந்து 20 செ.மீ. உயரத்தில் ஒரு தட்டுச் சேர்த்தேன்.

மாமா படத்தைப் பார்த்தார். ஸ்கேலை எடுக்கவே இல்லை. எண்களைப் படித்தார், குறுக்குக் கம்பிக்குப் பக்கத்தோற்றத்தைப் பார்த்தார். "இப்படிப் போட்டா எனக்குக் கேள்வியே இல்ல பாப்பா" என்றார். பழைய ஸ்டாண்டின் பின் கால்களை அறுத்து, 25 செ.மீ. தள்ளிப் புதிதாகப் பற்ற வைத்துக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. இரும்புக்கு மட்டும் 450 ரூபாய் ஆனது. அந்த 450 ரூபாய் என் ஸ்கேலில் விட்டுப்போன இரண்டரை சென்டிமீட்டரின் விலை. குழுக் கடனோடு அதையும் சேர்த்து அம்மா கட்டிக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் நானும் நிற்கிறேன்.

தோழிகளே, நம் பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. இங்கே எத்தனையோ வீட்டில் அப்பா, அண்ணன் லேத்திலோ வெல்டிங்கிலோ வேலை செய்கிறார்கள். அவர்கள் கையில் தினமும் இருப்பது இந்தப் படங்கள்தான். ஐ.டி.ஐ.யில் 'டிராப்ட்ஸ்மேன்' என்றே ஒரு பயிற்சி உண்டு. சிவில், மெக்கானிக்கல் என இரண்டு பிரிவு, இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்பு தேறினால் சேரலாம், பெண்களும் சேரலாம். கோலத்தில் புள்ளி வைக்கத் தெரிந்த கைக்கு இது ஒன்றும் அந்நியமான வேலை இல்லை என்பது என் கருத்து.

நீங்களே செய்து பாருங்கள்

1. 5 புள்ளி, 3 வரை இடுக்குப் புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? அதில் வரும் கனசதுரத்தின் விளிம்பு எத்தனை இடைவெளி?
2. ஒரு தீப்பெட்டியை அளந்து ஐசோமெட்ரிக்கில் முழு அளவில் வரையுங்கள். பக்கத்தில் மூன்று தோற்றமும் வரையுங்கள்.
3. மூன்று சின்னக் கனசதுரத்தை 'ட' எழுத்து மாதிரி வைத்து வரையுங்கள்.
4. உங்கள் படத்தைப் பெயர் சொல்லாமல் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள். என்ன பொருள் என்று அவர் சொல்லிவிட்டால் நீங்கள் பாஸ்!

(முதல் கேள்விக்கு விடை: 19 புள்ளி, 2 இடைவெளி. பார்க்காமல் போட்டவர்களுக்கு என் பாராட்டு.)

வரைந்தவர்கள் கணக்கு டீச்சரிடம் கொடுத்தால் அடுத்த சுவர்த் தாளில் ஒட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். அளவு எழுத மறக்காதீர்கள். நான் மறந்தது போதும்.

 எழுத்துப் பிழை இருந்தால் தமிழ் ஐயா மன்னிக்கவும்.

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
திருமுல்லைவாயில்.